மடக்குக் கத்தியில் பிளேடு ஆட்டம்: பிவட்டைக் கழற்றி, சரிசெய்து, மறுபடி பூட்டும் முழு வழிகாட்டி

பிளேடு லேசாக ஆடினால் பலரும் செய்வது ஒன்றுதான்: கையில் கிடைத்த திருப்புளியால் பிவட் ஸ்குரூவை (பிளேடு சுழலும் அச்சில் இருக்கும் ஸ்குரூ) இறுக்குவது. ஆட்டம் நிற்கும், ஆனால் கத்தி திறக்காது. கொஞ்சம் தளர்த்தினால் திறக்கும், ஆட்டமும் கூடவே வரும். நாலு நாள் பாக்கெட்டில் இருந்தால் ஸ்குரூ தானாகவே கழன்றுவிடும்.

வரிசை மாறுவதால்தான் இவ்வளவு சிக்கலும். முதலில் எந்த ஆட்டம் என்று பிரிக்க வேண்டும். பிறகு உடம்பு ஸ்குரூக்கள் (கைப்பிடித் தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பவை), அதன்பின் அழுக்கு, அதற்குப் பிறகே பிவட். ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசை (திரெட் லாக்கர்) எல்லாவற்றுக்கும் கடைசியில்.

1. எந்தத் திசையில் ஆடுகிறது?

முதல் வேலையாக வெட்டும் விளிம்பின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். ஆட்டம் பார்க்கிறேன் என்று பிளேடைப் பிடித்து அசைக்கும்போதுதான் விரல் கிழிகிறது.

கத்தியை முழுவதும் திறந்து லாக் (திறந்த பிளேடு மடங்காமல் பிடிக்கும் பூட்டு) விழ வையுங்கள். இடது கையால் பிவட்டை ஒட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் பிளேடின் நடுப்பகுதியைப் பற்றி இடம் வலமாக அசையுங்கள். இதில் தெரிவது பக்கவாட்டு ஆட்டம். அடுத்து பிளேடின் முதுகை மெதுவாக அழுத்தி விடுங்கள். அப்போது ‘டிக்’ என்று அசைந்தால் அது மேல்-கீழ் ஆட்டம்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிளேடும் கைப்பிடியும் சந்திக்கும் கோட்டின் மேல் ஒரு விரல் நுனியை வைத்துக்கொண்டு அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் அசைவு விரலில் தட்டும். மெல்லிய பிளேடு அழுத்தினால் வளையும், விட்டதும் சத்தமில்லாமல் திரும்பும். அது ஆட்டம் ஆகாது. ஆட்டம் இருந்தால் தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் ஒரு தட்டல் இருக்கும்.

முதுகைக் கட்டையில் ஓங்கி அடித்து லாக்கைச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. லாக் நழுவினால் பிளேடு விரல் மேல்தான் மடங்கும். நழுவாவிட்டாலும் லாக் முகம் தேயும். செய்யாதீர்கள்.

பக்கவாட்டு ஆட்டத்துக்குக் காரணம் பிவட், வாஷர், உடம்பு ஸ்குரூ. மேல்-கீழ் ஆட்டத்துக்குக் காரணம் லாக், திறந்த பிளேடு மோதி நிற்கும் ஸ்டாப் பின். இரண்டாவதைப் பிவட் இறுக்கிச் சரிசெய்ய முடியாது. இறுக்கினால் உராய்வு கூடி ஆட்டம் மறைந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். மேல்-கீழ் ஆட்டம் என்றால் 4-ஆம் பகுதியை முடித்துவிட்டு 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

2. உங்கள் கத்தியில் இருப்பது எந்த வகைப் பிவட்?

ரிவெட் வகை: இரு பக்கமும் ஸ்குரூ தலை இல்லாமல் மழமழவென்று இருந்தால் ரிவெட். பழைய பேனாக்கத்திகள், விக்டோரிநாக்ஸ் போன்ற பலகருவிக் கத்திகள், மரக் கைப்பிடி போட்ட ஒபினெல் எல்லாம் இப்படித்தான். கழற்ற முடியாது. இவற்றுக்கு 10-ஆம் பகுதி.

ஸ்குரூவும் வாஷரும்: உள்ளே மரை வெட்டிய குழல், அதில் ஏறும் ஸ்குரூ, பிளேடின் இரு பக்கமும் தலா ஒரு வாஷர். வாஷர் பாஸ்பர் பிரான்ஸாகவோ நைலான், டெஃப்லானாகவோ இருக்கும். டெஃப்லான் வழுவழுப்பானது, ஆனால் தொடர்ந்து அழுத்தினால் மெல்ல நசுங்கிப் பரவும். இறுக்கி வைத்த கத்தி சில மாதத்தில் தானாக ஆடத் தொடங்க இது ஒரு காரணம்.

பால் பேரிங்: வாஷர் இருக்கும் இடத்தில் ஒரு கூண்டு, அதற்குள் சின்னச் சின்னக் குண்டுகள். இறுக்கினாலும் எளிதாகச் சுழல்வதால் பலர் அளவுக்கு மீறி முறுக்கிவிடுகிறார்கள். குண்டு தொடும் பரப்பு மிகச் சிறியது. டைட்டானியம் போன்ற மென்மையான உலோகத்தில் நேராக உட்கார்ந்தால் குழி விழும். குழி விழுந்தபின் பிளேடு சுழலும்போது ‘கர் கர்’ என்று கையில் தட்டும். எண்ணெயால் அது போகாது.

புஷ் வகை: பிளேடின் கனமும் இரு வாஷர்களின் கனமும் சேர்ந்த அளவைவிட மயிரிழை நீளமான ஒரு குழல் நடுவில் இருக்கும். ஸ்குரூவை முழுவதும் இறுக்கினாலும் அழுத்தம் குழலில்தான் விழும், பிளேடு தாராளமாகச் சுழலும். கிறிஸ் ரீவ் கம்பெனியின் செபென்சா 21 கத்தி இந்த வகை. இதில் கால் திருகு, அரைத் திருகு என்று தேடுவது வீண். இறுக்குவது முழு இறுக்கம்தான். முழுவதும் இறுக்கியும் ஆடினால் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது குழல் நீளம் மிஞ்சியிருக்கும்.

3. மேசைக்கு வர வேண்டியவை

டோர்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவம்) டி6, டி8, டி10 பிட்டுகள். உடம்பு ஸ்குரூவுக்குப் பெரும்பாலும் டி6, பிவட்டுக்கு டி8 அல்லது டி10. பிவட் குழலும் சேர்ந்து சுழன்றால் இரு பக்கமும் பிடிக்க வேண்டும் என்பதால் டி8-ல் இரண்டு வாங்குங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மொபைல் சர்வீஸ் செட்டுகளில் டோர்க்ஸ் இருக்கும். ஆனால் பல செட்டுகளில் நடுவில் ஓட்டை போட்ட பிட்தான் வருகிறது. அது ஸ்குரூவில் பொருந்தும். ஆனால் ஓட்டையால் வலு குறைந்து, திரெட் லாக்கர் போட்ட ஸ்குரூவில் முனை முறியும். திடமான பிட் கேட்டு வாங்குங்கள். ஆறு மூலை ஆலன் சாவியை டோர்க்ஸ் தலையில் திணிப்பதைவிடக் கத்தியைக் கழற்றாமலே விடலாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அதே தெருவில் கிடைக்கும். நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திரெட் லாக்கர் (லாக்டைட் 243 அல்லது அதற்கு ஈடானது) பைக் ஸ்பேர் கடைகளில் இருக்கும்: புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. இன்னும் சின்ன ஸ்குரூக்களுக்கு ஊதா நிற 222 பொருத்தம். சிவப்பு 271 வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிளேடின் பதமும் கைப்பிடியும் போய்விடும்.

மற்றவை வீட்டிலேயே உண்டு: பஞ்சுக் குச்சி, பல் குச்சி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு விளிம்புள்ள தாம்பாளம், அதில் விரிக்க வெள்ளைத் துண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். டெஃப்லான் வாஷருக்கு எடையே கிடையாது. பறந்து சோபாவுக்கு அடியில் போனால் அன்றைக்கு வேலை அதைத் தேடுவதுதான். வியர்வை சொட்டாமல் இருக்கக் காலையிலேயே இதை முடிப்பது உத்தமம்.

4. கழற்றுவதற்கு முன்: பாதி ஆட்டம் இங்கேயே போகும்

பிவட்டைத் தொடாமல், உடம்பு ஸ்குரூக்களைத் தொட்டுப் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் இரு கைப்பிடித் தகடுகளும் ஒன்றை விட்டு ஒன்று நகரும். பிளேடு ஆடுவது போலத்தான் தெரியும். அவற்றை இறுக்காமல் பிவட்டை முறுக்கினால் தகடு வளைந்து பிளேடு ஒரு பக்கம் சாயும்.

அடுத்து லாக் உட்காரும் இடம். பின்லாக் கத்தியில் (கைப்பிடியின் முதுகில் இருக்கும் பட்டை பூட்டும் வகை) பிளேடின் அடிப்பாகத்தில் உள்ள வெட்டில் பாக்கெட் பஞ்சு சேர்ந்து கல்லாகியிருக்கும். லாக் முழுவதும் விழாது, பிளேடு மேலும் கீழும் ஆடும். பல் குச்சியால் நோண்டி எடுங்கள். காசு செலவில்லாமல் தீரும் ஆட்டம் இது.

இவ்வளவும் செய்தபின் பக்கவாட்டு ஆட்டம் மட்டும் மிஞ்சினால் பிவட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். நின்று, கத்தியும் சுலபமாகத் திறந்தால் 7, 8-ஆம் பகுதிகள் போதும். ஆட்டம் நிற்கும் முன்பே பிளேடு பிடித்துக்கொண்டால் வாஷரில் மணலோ மடிப்போ இருக்கிறது, கழற்றியாக வேண்டும். கழற்றினால் வாரண்டி போகும் என்று எழுதியிருக்கும் கம்பெனிகள் பல. அந்தத் தாளை இப்போதே படித்துவிடுங்கள்.

5. கழற்றும் வரிசை

முதலில் பாக்கெட் கிளிப், பிறகு உடம்பு ஸ்குரூக்கள், பிவட் கடைசி. பிவட்டை முதலில் எடுத்தால் லாக்கின் அழுத்தத்தில் வாஷர் நழுவி மடங்கும். கழற்றும்போது பிளேடு மூடியிருக்கட்டும்.

ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம், எத்தனை என்பது முக்கியம். சில கத்திகளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வாஷர் இருக்கும். பேரிங் கூண்டில் ஒரு பக்கம் குண்டுகள் அதிகம் துருத்தியிருக்கும். தலைகீழாகப் போட்டால் கூண்டு உரசும், கத்தி இறுகும்.

ஸ்குரூ அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். உள்ளே திரெட் லாக்கர் இருக்கும். சாலிடரிங் அயர்ன் முனையை ஸ்குரூ தலையில் 20–30 விநாடி வைத்து, சூட்டோடு திருப்புங்கள். பசை சூட்டில் இளகும். நைலான் கைப்பிடி என்றால் பத்து விநாடியாகச் சிறிது சிறிதாகச் சூடேற்றுங்கள், சுற்றிலும் உருகிவிடும்.

பிவட் முழுவதும் சுழல்கிறதா? பல குழல்களில் ஒரு பக்கம் சீவித் தட்டையாக இருக்கும், அது கைப்பிடியில் உள்ள அதே வடிவ ஓட்டையில் உட்கார்ந்து சுழலாமல் நிற்கும். அப்படி இல்லாத கத்தியில் மறுபக்கம் இரண்டாவது பிட்டைப் போட்டுப் பிடியுங்கள். அந்தப் பக்கம் மழமழவென்று இருந்தால், பிளேடைப் பாதி திறந்து பக்கவாட்டில் லேசாக நெம்பிக்கொண்டே திருப்புங்கள். அந்த உராய்வே குழலைப் பிடிக்கும்.

குறுக்குக் கம்பி லாக் (கைப்பிடிக்குக் குறுக்கே நகரும் கம்பி பூட்டும் வகை) உள்ள கத்தியில் தகட்டைத் தூக்கும்போது இரு பக்கமும் மெல்லிய வளைவு ஸ்பிரிங்குகள் இருக்கும். கட்டைவிரலால் மூடிக்கொண்டு தூக்குங்கள்.

6. சுத்தம் செய்வதும் வாஷரைப் படிப்பதும்

ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துக் குழல், பிளேடு ஓட்டை, லைனரின் (கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடு) உள்முகம், ஸ்குரூ மரை எல்லாவற்றையும் துடையுங்கள். மரையில் பழைய பசைத் துகள் இருந்தால் பிரஷால் எடுங்கள். துகள் இருக்கும்போது ஸ்குரூ இறுக்கமாகத் தோன்றும். உண்மையில் வாஷரில் அழுத்தமே விழுந்திருக்காது.

வாஷரைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் தட்டுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. பிரான்ஸ் வாஷரில் மினுமினுப்பு ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் பிளேடு சாய்ந்தே உரசியிருக்கிறது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடியில் வைத்து, வாஷரை விரல் நுனியால் எட்டு வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்தால் மேடு போகும். அதற்கு மேல் தேய்க்க வேண்டாம். இரண்டு வாஷரும் ஒரே கனத்தில் இருந்தால்தான் பிளேடு நடுவில் நிற்கும்.

நசுங்கிய டெஃப்லான் வாஷருக்கு மாற்று உடனே கிடைக்காது. ஜெராக்ஸ் கடையில் விற்கும் ஓஎச்பி ஷீட் (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) சுமார் 0.1 மி.மீ. கனம் இருக்கும். தோல் பஞ்ச் பிளையரால் நடு ஓட்டையை முதலில் போட்டு, வெளிவட்டத்தைப் பிறகு கத்தரியுங்கள். வரிசை மாறினால் ஓட்டை நடுவில் விழாது. இது தற்காலிகம்தான், ஆனால் சில மாதம் தாங்கும்.

7. பூட்டும் வரிசையும் கடைசி இறுக்கமும்

ஒரு பக்கத் தகட்டைத் தாம்பாளத்தில் வைத்து, குழல், வாஷர், பிளேடு, வாஷர், ஸ்டாப் பின், மறு தகடு என்று அடுக்குங்கள். எல்லா ஸ்குரூவையும் பாதி மட்டும் ஏற்றுங்கள், எதையும் இறுக்காமல். பசை இப்போது வேண்டாம், இது ஒத்திகை.

முதலில் பிவட்டை, பிளேடு லேசாகப் பிடிக்கும் வரை இறுக்குங்கள். தகடுகள் பிவட்டை ஒட்டி நேராக உட்காரும். அதன்பின் உடம்பு ஸ்குரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். திருப்புளியின் பிடியை உள்ளங்கையில் வைத்துத் திருகாமல், தண்டை இரண்டு விரலால் உருட்டினால் போதும். அந்த மரை அவ்வளவுதான் தாங்கும்.

இனி நுணுக்கமான இடம். வாஷரின் விட்டம் 10 மி.மீ., பிவட்டிலிருந்து நுனி வரை பிளேடு 80 மி.மீ. என்று வையுங்கள். வாஷருக்கும் பிளேடுக்கும் இடையே 0.02 மி.மீ. இடைவெளி இருந்தால் நுனியில் அது எட்டு மடங்காகி 0.16 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். சின்ன வாஷர் உள்ள நீளக் கத்தி ஏன் எப்போதும் ஆடுகிறது என்பதற்கு விடை இதுதான்.

இப்போது ஸ்குரூ. எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) மரையில் ஒரு முழுத் திருகுக்கு 0.5 மி.மீ. நகரும். அந்த 0.02 மி.மீ.-ஐ மூட வேண்டியது 14 டிகிரி, அதாவது கடிகார நிமிட முள் இரண்டரை நிமிடத்தில் நகரும் தூரம். ‘கால் திருகு இறுக்கு’ என்றால் அது 0.125 மி.மீ.; தேவையைவிட ஆறு மடங்கு. கத்தி இறுகிப் போவதில் வியப்பில்லை.

ஆகவே ஆட்டம் முழுவதும் நிற்கும் வரை இறுக்கி, பிறகு ஐந்தைந்து டிகிரியாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் திறந்து மூடி, பிளேடைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் லேசாகத் தலைகாட்டும் இடத்திலிருந்து ஒரு படி பின்னால் இறுக்கி நிறுத்துங்கள். பேரிங் கத்தியில் இந்த இடம் கொஞ்சம் அகலமாக இருக்கும், பிரான்ஸ் வாஷரில் குறுகல்.

பிளேடு ஒரு லைனர் பக்கம் சாய்கிறதா? உடம்பு ஸ்குரூக்களை மட்டும் தளர்த்தி, கைப்பிடியை எதிர்ப் பக்கம் விரலால் தள்ளிப் பிடித்து மறுபடி இறுக்குங்கள். கேட்காவிட்டால் வாஷர்களை இடம் மாற்றிப் போடுங்கள். லைனர் லாக் மூடிய நிலையிலும் பிளேடை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். உரசாதவரை அந்தச் சாய்வை விட்டுவிடலாம். நடுவில் நிற்பது அழகு, ஆடாமல் இருப்பதுதான் வேலை.

8. திரெட் லாக்கர்

ஒத்திகை சரியாக வந்த நிலையில், ஸ்குரூ தலையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிவட் ஸ்குரூவை மட்டும் எடுத்து, மரையை ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு, பல் குச்சி முனையில் தொட்ட பசையை நுனி மரை இரண்டு மூன்றில் மட்டும் தடவுங்கள். வழிந்தால் வாஷருக்குள் இறங்கி பிளேடையே ஒட்டிவிடும்.

கோடு சேரும் வரை இறுக்கி, ஐந்து நிமிடத்துக்குள் கடைசிச் சரிபார்ப்பை முடியுங்கள். பசை காற்று இல்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். பத்து இருபது நிமிடத்தில் பிடிக்கத் தொடங்கும், முழு வலு 24 மணி நேரத்தில். துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் இன்னும் மெதுவாகப் பிடிக்கும். நடுவில் ‘இன்னும் ஒரு சொட்டு இறுக்கலாம்’ என்று அசைத்தால் பிடிப்பு உடையும், திரும்பத் துடைத்துப் போட வேண்டும்.

எண்ணெய் பட்ட மரையில் 243 ஓரளவு சமாளிக்கும், 242-க்குச் சுத்தமான மரை வேண்டும். எப்படியிருந்தாலும் எண்ணெய் விடுவது அடுத்த நாள்தான்.

9. மேல்-கீழ் ஆட்டம்

லைனர் லாக்கில் பிவட், ஸ்டாப் பின், லாக் முகம் மூன்றும் ஒரு முக்கோணம். பிளேடு ஸ்டாப் பின்னில் மோதி நிற்கும்போது, லாக் சரிவான முகத்தில் ஆப்பு போல ஏறி அதைப் பின்னிலேயே அழுத்திப் பிடிக்கிறது. மூன்றில் ஒன்று தேய்ந்தாலும் ஆட்டம்.

திறந்து, கைப்பிடிக்குள் பாருங்கள். லாக் பட்டை பிளேடின் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏறி நிற்பது நல்லது. எதிர் லைனரையே தொடும் அளவு போயிருந்தால் ஏற இடமில்லை, ஆடத்தான் செய்யும். ஸ்டாப் பின்னின் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் பின்னைத் திருப்பிப் போட்டு புது முகத்தைக் கொடுங்கள். அது போதாவிட்டால் கொஞ்சம் தடித்த பின். பிளேடு முன்னதாகவே நிற்கும், லாக்கும் முன்னதாகவே பிடிக்கும். லேத் பட்டறையில் கடைந்து வாங்கும்போது பழைய பின்னைக் கையோடு கொண்டுபோங்கள், 0.1 மி.மீ. கூட்டினாலே பெரிய வித்தியாசம்.

லாக் முகத்தில் அரம் வைக்காதீர்கள். அந்தச் சரிவு சில டிகிரிதான். ஒரு இழுப்பில் கெட்டால் லாக் நழுவும் கத்தியாகிவிடும். பின்லாக்கில் முதுகை அழுத்தினால் மட்டும் தெரியும் துளி ஆட்டம் அந்த அமைப்போடு வருவது. சுத்தம் செய்தும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

10. ரிவெட் கத்தியும் ஒபினெல்லும்

ரிவெட் தளர்ந்த பேனாக்கத்தியை இரும்புக் கட்டை மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ரிவெட் தலையைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு தட்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அதிகமானால் பின்வாங்க வழியில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட பலகருவிக் கத்தியில் ரிவெட் தலை உறைக்குள் இருக்கும். தட்டினால் உறை விரியும். வைஸில் இரு பக்கமும் அட்டை வைத்துப் பிவட் இடத்தில் மட்டும் நிதானமாக நெருக்குங்கள்.

ஒபினெல்லுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கை வைக்காதீர்கள். மழைக் காற்றில் மரம் ஊதி பிளேடை நெருக்கும். அப்போது ஆடாது, திறக்கவும் செய்யாது. கோடையில் மரம் சுருங்கினால் ஆடும். ஊதிய மரத்தைத் தேய்த்து இடம் பண்ணிவிட்டால் சித்திரையில் பிளேடு தொளதொளவென்று நிற்கும். இரண்டு வாரம் உலர்ந்த இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே பிளவின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தொடுங்கள்.

11. எண்ணெய்

பிவட்டின் இரு பக்கமும் ஊசி முனையில் ஒரு சொட்டு. பழம், காய் நறுக்கும் கத்தி என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. மற்றவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைக்கும். டபிள்யூடி-40 அழுக்கைக் கழுவ உதவும், மசகாக நிற்காது.

பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு என்று கடலை ஒட்டிப் புழங்கும் கத்தியைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, துடைத்து, அன்றைக்கே எண்ணெய் விடுங்கள். டி2 எஃகு பிளேடில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் உப்புக் காற்றுக்கு அது தாங்காது. துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத வாஷர் அடியில்தான். திறக்கும்போது பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்தால் மறுபடி 5-ஆம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்.